ஜெர்ரியும் மார்ஜும் ஜெயித்த பணம் யாருடையது?

'ஜெர்ரி அண்ட் மார்ஜ் கோ லார்ஜ்' படத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன். 2022 ஜூனில் வந்தது. டேவிட் ஃபிராங்கல் இயக்கம், ப்ரையன் க்ரான்ஸ்டன், அனெட் பெனிங் நடிப்பு. மிச்சிகன் மாநிலத்தில் எவார்ட் என்கிற சின்ன ஊர். அங்கே ஓய்வுபெற்ற ஒரு தம்பதி மாநில லாட்டரியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள். உண்மைக் கதை. ஜேசன் ஃபகோன் 2018ல் ஹஃப்போஸ்ட் ஹைலைனில் எழுதிய நீண்ட கட்டுரைதான் மூலம்.

நல்ல படம். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். க்ரான்ஸ்டன் பேப்பரில் கணக்குப் போடும் காட்சிகள் எனக்கு ரொம்பவே பிடித்தன. ஆனால் படம் முழுக்க ஒரு வாதம் ஓடுகிறது: இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, விதிக்கு உட்பட்டு ஆடினார்கள், அரசாங்கத்துக்கும் அதன் பங்கு போய்ச் சேர்ந்தது. நிஜ வாழ்க்கையிலும் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். என் சண்டை இந்த வாதத்தோடு மட்டும்தான். +2 கணக்குப் பாடத்தில் வரும் சேர்வுகள் (அந்த என்சிஆர்தான்) தெரிந்தால் போதும், இதைச் சரிபார்க்கலாம்.

முதலில் ஆட்டம். மிச்சிகனில் இதன் பெயர் வின்ஃபால். 49 எண்களில் 6, டிக்கெட் 1 டாலர். 6 எண்ணும் யாருக்கும் சரியாக விழவில்லை என்றால் ஜாக்பாட் அடுத்த குலுக்கலுக்குப் போகும், எல்லா லாட்டரியும் மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம். ஜாக்பாட் 50 லட்சம் டாலரைத் தொட்டும் யாருக்கும் விழாவிட்டால், அந்தப் பணம் கீழே இறங்கி 5, 4, 3 எண்கள் சரியாக வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். இதற்கு ரோல்டவுன் என்று பெயர். நான் இதை 'வடிதல்' என்று சொல்லப்போகிறேன்.

2003ல் ஜெர்ரி செல்பி இதன் விளம்பரத் தாளைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 64. கணிதத்தில் பட்டம் பெற்றவர், முன்பு கடை வைத்து லாட்டரி டிக்கெட் விற்றவரும்கூட. (அதே 2003ல்தான் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். சம்பந்தம் எதுவும் இல்லை, சும்மா சொல்கிறேன்.) முதல் தடவை 2,200 டாலருக்கு வாங்கினார், 2,150 திரும்பி வந்தது. ஐம்பது டாலர் நஷ்டம். நாமாக இருந்தால் அதோடு விட்டிருப்போம். அவர் 'டிக்கெட் போதவில்லை' என்று முடிவு செய்தார். அடுத்து 3,400 போட்டார், 6,300 வந்தது. பிறகு 8,000 போட்டார், 15,700 வந்தது.

2005ல் மிச்சிகன் அந்த ஆட்டத்தை நிறுத்தியது. ஆனால் மாசசூசெட்ஸில் 2004லேயே கேஷ் வின்ஃபால் என்று அதே மாதிரி ஒன்று தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சுமார் 900 மைல் கார் ஓட்டிப் போய் வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் ஒரு வடிதலுக்கு 6 லட்சம் டாலருக்கும் மேல் போட்டார்கள். ஒன்பது வருடங்களில் இரண்டு மாநிலத்திலும் சேர்த்து வந்த மொத்தப் பரிசு ஏறக்குறைய 2.7 கோடி டாலர், வரிக்கு முந்தைய லாபம் 77.5 லட்சம்.

சரி, கணக்குக்கு வருவோம். மாசசூசெட்ஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். 46 எண்களில் 6, டிக்கெட் 2 டாலர், வாரம் இரண்டு குலுக்கல். ஜாக்பாட் 5 லட்சம் டாலரில் தொடங்கும், 20 லட்சத்தைத் தொட்டால் வடியும்.

46ல் 6ஐ 93,66,819 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். ஆறும் சரியாக வருவது அதில் ஒன்று. 5 எண் சரியாக வருவது 240 வழிகளில், அதாவது 39,028க்கு ஒன்று. 4 எண் 11,700 வழிகளில், சுமார் 800க்கு ஒன்று. 3 எண் 1,97,600 வழிகளில், சுமார் 47க்கு ஒன்று. 2 எண் மட்டும் சரி என்றால் ஒரு இலவச டிக்கெட், இது சுமார் 7க்கு ஒன்று.

வடிதல் இல்லாத சாதாரண நாளில் 5 எண்ணுக்கு 4,000 டாலர், 4க்கு 150, 3க்கு 5 டாலர். ஒவ்வொரு பரிசையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் 10 சென்ட், 19 சென்ட், 10 சென்ட், ஆக மொத்தம் சுமார் 39 சென்ட். ஜாக்பாட் 10 லட்சத்தில் நிற்கிறது, விழுந்தால் ஒருவருக்கே விழும் என்று வைத்துக்கொண்டால் அதன் பங்கு இன்னொரு 11 சென்ட். மொத்தம் 50.

இலவச டிக்கெட்டை எப்படிக் கணக்கில் எடுப்பது? இதில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கடையில் 2 டாலர் விலை என்பதால் 2 டாலர் என்று போடக் கூடாது. அந்த டிக்கெட் கையில் இருந்தால் என்ன எதிர்பார்க்கலாமோ அதுதான் அதன் மதிப்பு. அதாவது நாம் கண்டுபிடிக்க முயலும் அதே எண். நிரலில் ஒரு ஃபங்க்‌ஷன் தன்னையே அழைத்துக்கொள்ளும் மாதிரி. டிக்கெட்டின் மதிப்பு = 50 சென்ட் + டிக்கெட்டின் மதிப்பில் 14.6%. தீர்த்தால் சுமார் 59 சென்ட் வருகிறது.

2 டாலர் கொடுத்து 59 சென்ட் வாங்குகிறோம். இதுவரை ஆச்சரியம் எதுவும் இல்லை, லாட்டரி என்றால் அப்படித்தான். ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு 2 டாலரிலும் மாநிலம் எடுத்துக்கொண்டது 80 சென்ட், அதாவது 40%. மிச்சம் 1 டாலர் 20 சென்ட் பரிசாகத் திரும்ப வேண்டும். சாதாரண நாளில் வாங்குகிறவருக்குத் திரும்பியது 59. மீதி சுமார் 61 சென்ட் எங்கே?

அதுதான் ஜாக்பாட் தொட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது. வடிதல் நாளில் இறங்கியதும் அதுவேதான்.

தமிழ்நாடு பரிசுச் சீட்டுக்கு ஒரு காலத்தில் சொல்லப்பட்ட வாசகம் நினைவிருக்கிறதா? 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு.' மாசசூசெட்ஸிலும் லாட்டரி வருமானம் மாநிலத்தின் 351 நகரங்களுக்கும் ஊர்களுக்கும்தான் போகிறது, அந்த அளவில் வாசகம் பொருந்தும். ஆனால் இந்த ஆட்டத்தில் அதைத் திருத்தி எழுத வேண்டும். விழாவிட்டால் 80 சென்ட் நாட்டுக்கு, 61 சென்ட் வேறொருவர் வீட்டுக்கு.

அந்த வேறொருவர் யார்? வடிதல் நாளுக்காகக் காத்திருந்து, அன்றைக்கு மட்டும் வாங்குகிறவர். படத்தில் அவரை நமக்கு நன்றாகத் தெரியும். அவருக்குப் பெயர் உண்டு, மனைவி உண்டு, ஊர் உண்டு. 61 சென்ட் கொடுத்தவரைப் படம் ஒரு காட்சியில்கூட நிறுத்திக் காட்டவில்லை.

வடிதல் நாளின் கணக்கு இன்னும் எளிது. தனித்தனிப் பரிசாகக் கூட்டவே வேண்டாம், பணத்தைப் பின்தொடர்ந்தால் போதும். தொட்டியில் 20 லட்சம் இருக்கிறது. அடுத்த ஜாக்பாட்டின் தொடக்கத்துக்கு 5 லட்சத்தை ஒதுக்கினால் 15 லட்சம் வடிகிறது. அதோடு அன்று விற்ற ஒவ்வொரு டிக்கெட்டிலும் 1.20 டாலர் பரிசுக்குச் சேர்கிறது. ஆகவே அன்றைய ஒரு டிக்கெட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு, தோராயமாக, 1.20 கூட்டல் 15 லட்சத்தை விற்ற டிக்கெட் எண்ணிக்கையால் வகுத்தது. 5 லட்சம் டிக்கெட் விற்றால் 4.20 டாலர். 10 லட்சம் விற்றால் 2.70. 15 லட்சம் விற்றால் 2.20. 18,75,000 விற்றால் சரியாக 2 டாலர், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அதற்கு மேல் விற்றால் வடிதல் நாளும் நஷ்ட நாள்தான். (அன்றே யாருக்காவது ஆறும் விழுந்துவிட்டால் வடிதலே கிடையாது. 10 லட்சம் டிக்கெட் விற்றால் அதற்கான வாய்ப்பு சுமார் 10%. இதை எல்லாக் குழுக்களும் தெரிந்தே ஏற்றுக்கொண்ட ரிஸ்க்.)

இந்தச் சின்னச் சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி யோசித்தால், வில்லன் வேறு மாதிரித் தெரிகிறான். நிஜத்தில் ஜெர்ரிக்குப் போட்டி எம்.ஐ.டி. மாணவர்கள். 2005ல் ஜேம்ஸ் ஹார்வி என்ற மாணவர் ஒரு ப்ராஜெக்டுக்காக லாட்டரிகளை ஒப்பிட்டபோது இதைக் கண்டுபிடித்தார். ராண்டம் ஸ்ட்ராடஜீஸ் என்று பிறகு ஒரு கம்பெனியே தொடங்கினார்கள். படத்தில் இவர்களை ஹார்வர்ட் மாணவர்களாக மாற்றி, ஒரு திமிர் பிடித்த பையனைத் தலைவனாக்கி, அவன் ஜெர்ரியை ஒதுங்கிக்கொள்ளச் சொல்லி மிரட்டுவதாக வைத்திருக்கிறார்கள். நாம் உடனே தாத்தா பக்கம் சாய்ந்துவிடுகிறோம், சாய வைக்கத்தானே அந்தக் காட்சி! ஆனால் அவன் கேட்பதன் கணித அர்த்தம் என்ன? 15 லட்சத்தை வகுக்கும் எண்ணைக் குறைக்கப் பார்க்கிறான். ஜெர்ரியும் மார்ஜும் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் அவன் டிக்கெட்டின் மதிப்பைக் குறைக்கிறது, அவன் வாங்குவது இவர்களுடையதைக் குறைக்கிறது. ஒரே தொட்டியில் இரண்டு பம்ப்செட். படம் நல்லவன் கெட்டவன் என்று பிரிப்பது பம்ப்செட் ஓட்டுகிறவரின் குணத்தை வைத்து. தொட்டியில் யார் தண்ணீர் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

உண்மையில் மாணவர்கள் செய்தது மிரட்டலைவிட சுவாரஸ்யமானது, படம் அதை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம். 2010 ஆகஸ்டில் ஜாக்பாட் 20 லட்சத்தைத் தொடாமல் நின்றது. வழக்கமாக அது நெருங்கும்போது லாட்டரி நிர்வாகம் அறிவிக்கும், எல்லாக் குழுக்களும் வந்துவிடும். இவர்கள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. தாங்களே சுமார் 7 லட்சம் டிக்கெட்டை, அதாவது 14 லட்சம் டாலருக்கு, வாங்கி ஜாக்பாட்டை எல்லைக்கு மேலே தள்ளிவிட்டார்கள். வேறு யாரும் தயாராக இல்லை. வகுக்கும் எண்ணில் பெரும்பகுதி அவர்களே. லாபம் சுமார் 7 லட்சம் டாலர். எனக்கு இதைப் படித்தபோது பயமும் மரியாதையும் ஒன்றாக வந்தது. ஜெர்ரி குழுவுக்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை.

படம் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்பார்ப்பு மதிப்பு நமக்குச் சாதகம் என்றால் ஒரு டிக்கெட் வாங்கினாலும் லாபம்தானே என்று நினைக்கக் கூடாது என்பதை அது விளங்க வைக்கிறது. வடிதல் நாளில் ஒரே ஒரு டிக்கெட் வாங்குகிறவருக்குப் பணப் பரிசு விழும் வாய்ப்பு சுமார் 45ல் ஒன்று. அன்றைக்கும் 100ல் 97, 98 பேர் பணம் இல்லாமல்தான் வீட்டுக்குப் போவார்கள். சராசரி 2.70 டாலர் என்பது அவர்கள் யாரும் கண்ணால் பார்க்காத எண். 5,000 டிக்கெட் வாங்கினால் 4 எண் சரியானவை சராசரியாக 6 வரும், திட்ட விலக்கம் 2.5. இரண்டே வரலாம், பத்தும் வரலாம். 3 லட்சம் டிக்கெட் வாங்கினால் சராசரி 375, திட்ட விலக்கம் 19தான். இப்போது அது சூதாட்டமே இல்லை, 5% கூடக் குறைய இருக்கும் ஒரு வியாபாரம். 5 எண் பரிசு மட்டும் 7, 8 என்று கொஞ்சம் ஆடும்.

எம்.ஐ.டி. குழு எண்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, சீட்டுகளைக் கையால் நிரப்பியது. செல்பி குழு மெஷின் கொடுத்த எண்களையே எடுத்துக்கொண்டது. கையால் நிரப்பினால் எண் கூட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பலாம், அதனால் ஏற்ற இறக்கம் குறையும், சராசரி மாறாது. இதன் பின்னால் இருக்கும் வடிவியலை ஜோர்டான் எல்லன்பெர்க் 'ஹவ் நாட் டு பி ராங்' புத்தகத்தில் ஓர் அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். இந்த ஆட்டத்தைப் பற்றி நான் படித்ததில் சிறந்தது அதுதான்.

3 லட்சம் டிக்கெட் என்றால் என்ன என்பதையும் யோசியுங்கள். அதில் 3 எண் சரியானவை சுமார் 6,300. இலவச டிக்கெட் தருபவை சுமார் 44 ஆயிரம். இதையெல்லாம் இந்தத் தம்பதி மோட்டல் அறையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் பத்து நாள், கண்ணால் பார்த்துப் பிரித்தார்கள். ஸ்கேனர் இல்லை, ஸ்க்ரிப்ட் இல்லை. விழாத டிக்கெட்டுகளை வருமான வரிக்காரர்களுக்குக் காட்டப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்தார்கள். இந்த உழைப்பைப் படம் இரண்டு நிமிட மாண்டேஜில் முடித்துவிட்டது. எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் 'உழைக்காமல் வந்த பணம்' என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இப்போது பழைய வாதத்துக்கு வருகிறேன். பாஸ்டன் குளோப் பத்திரிகை 2011ல் இதை வெளியே கொண்டுவந்தது. மாநிலத்தின் தலைமை ஆய்வாளர் கிரெகரி சல்லிவன் விசாரித்து 2012 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம்: மொத்தமாக வாங்கியவர்களால் சாதாரண ஆட்டக்காரரின் வெற்றி வாய்ப்பு மாறவில்லை, ஆகவே அவருக்குப் பாதிப்பில்லை, வடிதல் நாள் என்பது எல்லாருக்குமே நல்ல நாள்.

வாய்ப்பு மாறவில்லை என்பது நூறு சதவீதம் சரி. 800ல் ஒன்று 800ல் ஒன்றுதான், பக்கத்துக் கவுண்டரில் யார் எத்தனை வாங்கினாலும். ஆனால் வடிதல் நாளில் பரிசுத் தொகை நிலையானது இல்லையே! 4 எண் சரியானவர்கள் எல்லாரும் ஒரே தொகையைப் பங்கு போடுகிறார்கள். மொத்த வாங்கல் இல்லாமல் 4 லட்சம் டிக்கெட் மட்டும் விற்றிருந்தால் அந்த ஒற்றை டிக்கெட்டின் மதிப்பு 4.95 டாலர். குழுக்கள் வந்து அதை 12 லட்சம் ஆக்கினால் 2.45. வாய்ப்பைப் பற்றிக் கேட்டால் பாதிப்பில்லை, எதிர்பார்ப்பு மதிப்பைப் பற்றிக் கேட்டால் பாதி போச்சு. அறிக்கை முதல் கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. குழுக்களே வராவிட்டாலும் சாதாரண நாள் ஆட்டக்காரரின் 61 சென்ட் திரும்பி வராது. வடிதல் நாளில் வேறு யாரோ எடுத்திருப்பார்கள். வடிதலே இல்லாத ஆட்டமாக இருந்தால் ஜாக்பாட் அடித்த ஒரே ஒருவர் எடுத்திருப்பார். ஒத்துக்கொள்கிறேன். அந்த 61 சென்ட்டைப் பிடுங்கியது செல்பிகள் இல்லை, ஆட்டத்தின் வடிவமைப்பு. ஆனால் 'யாருக்கும் நஷ்டமில்லை' என்பதும் 'நஷ்டத்துக்கு இவர்கள் காரணமில்லை' என்பதும் ஒன்றா? படம் இரண்டாவதை நிரூபித்துவிட்டு முதலாவதை நம்மிடம் தள்ளிவிடுகிறது.

வேறு ஒரு விஷயமும் உறுத்துகிறது. லாட்டரியைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அது கணக்குத் தெரியாதவர்கள் கட்டும் வரி என்று என் துறை நண்பர்கள் ஒரு ஜோக்கைச் சொல்வார்கள். எனக்கு அது எப்போதுமே எரிச்சல். எதிர்பார்ப்பு மதிப்பு நஷ்டம் என்பதாலேயே ஒன்று முட்டாள்தனம் ஆகிவிடாது. நாம் கட்டும் கார் இன்ஷூரன்ஸும் அதே கணக்கில் நஷ்டம்தான், யாரும் சிரிப்பதில்லை. இந்த ஆட்டத்தில் அந்த ஜோக் இன்னும் மோசமாகிறது. சாதாரண நாளில் வாங்கியவருக்கு நஷ்டம் என்று தெரிந்திருந்தாலும், தன் காசு எந்த விகிதத்தில் மாநிலத்துக்குப் போகிறது, எந்த விகிதத்தில் வடிதல் நாளுக்குப் போகிறது என்பதை அவர் எங்கே பார்த்திருப்பார்? அதைத் தெரிந்துகொள்ள டிக்கெட் வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் நின்று சேர்வு போட வேண்டும். பின்பக்கத்தில் வாய்ப்புகளை அச்சடிக்கிறார்கள், இதை அச்சடிப்பதில்லை.

செய்தி வெளியானதும் லாட்டரி நிர்வாகம் ஒரு கடை ஒரு நாளைக்கு விற்கக்கூடிய டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. 2012 ஜனவரியில் ஆட்டத்தையே மூடியது. அதுவரைக்கும் அந்த ஆட்டத்திலிருந்து மாநிலத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 12 கோடி டாலர். டிக்கெட்டுக்கு 80 சென்ட் என்பது வாங்குகிறவர் மாணவரா, தாத்தாவா, திங்கட்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் ஒன்றே ஒன்று வாங்கியவரா என்று பார்க்காமல் வந்த தொகை. நிர்வாகத்துக்குக் குழுக்களைப் பற்றி முன்பே தெரியும் என்பதும் ஆய்வாளர் அறிக்கையிலேயே இருக்கிறது. அவர்கள் ஏன் அத்தனை வருடம் நிறுத்தவில்லை என்பதற்கு, எனக்குத் தெரிந்து, இந்த 80 சென்ட்டைவிட நல்ல விளக்கம் இல்லை.